மலிவு விலைக்கு நாம் போடும் தப்புக் கணக்குகள்

கொடைக்கானல் ஏழு ரோட்டில் சீசன் நேரத்தில் டி-ஷர்ட் விலையைக் கேட்டுவிட்டு, ‘இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?’ என்று யோசிக்காதவர்கள் குறைவு. ‘எங்கேயோ கூலி கம்மி, அதான்’ என்ற பதிலும் உடனே வந்துவிடும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு.

மலிவு விலைப் பெருங்கடைகளின் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. 1962-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் சாம் வால்டன் தொடங்கிய வால்மார்ட், 100 ரூபாய்க்கு விற்றால் செலவும் வரியும் போகக் கையில் நிற்பது இரண்டு மூன்று ரூபாய்தான். சரக்கு வேகமாக விற்றுத் தீர்வதால் போட்ட முதல் வருடத்தில் பல தடவை சுழல்கிறது. சப்ளையருக்குப் பணம் போய்ச் சேரப் பல வாரம் ஆகும். அதற்குள் சரக்கில் பெரும்பகுதி காசாகியிருக்கும். அதாவது கடைக்கு முதல் போடுபவர்களில் சப்ளையரும் ஒருவர். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி இறக்கலாம் என்றிருந்த கோட்டா முறை 2005-ல் ஒழிந்தது. அப்புறம் பெருங்கடைகளுக்காக மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் ஒரு பையர் இன்றைக்குத் திருப்பூரில் விலை கேட்டுவிட்டு நாளைக்கு டாக்காவில் அதைவிடக் குறைத்துக் கேட்கலாம். இந்த விலை பேசும் பலத்தைக் கணக்கில் சேர்க்காமல் மலிவைப் புரிந்துகொள்ள முடியாது.

கூலி எங்கே குறைவோ வேலை அங்கே போய்விடும் என்பதும் அரைகுறைக் கணக்கு. 2019 வாக்கில் எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காவில் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் அளவில்தான் இருந்தது. வங்கதேச ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது அந்நாட்டு நாணயத்தில் 8,000 டக்கா, கிட்டத்தட்ட 95 டாலர். ஆனாலும் ஆர்டர்கள் டாக்காவை விட்டுப் போகவில்லை. பழகிய கைகள், உள்ளூரிலேயே கிடைக்கும் நூல், சொந்தத் துறைமுகம் எல்லாம் அங்கே இருந்தன. கடற்கரையே இல்லாத எத்தியோப்பியா, சரக்கைப் பக்கத்து நாடான ஜிபூட்டி வரை கொண்டுபோக வேண்டியிருந்தது.

கொடைக்கானல்காரர்கள் செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டு. கூலியோடு கணக்கை முடித்துவிடுவது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்து, 1983-ல் இங்கே செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலையை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போயின. ஆலையை நடத்திய பாண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஆலையும் பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் போனது. ஊருக்கு வேலை கிடைத்தது, அதை மறுக்க முடியாது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடப்பது தெரியவந்து ஊர் திரண்டது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாகப் புகார் சொன்ன முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்ததோ 2016-ல்தான். ஆலையிருந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. அந்தத் தெர்மாமீட்டரை வாங்கியவர் கொடுத்த விலையில் இதில் எந்தச் செலவும் ஏறவில்லை. அதன் பாதிப்பைச் சுமந்தது இந்த ஊர். ‘அங்கே கூலி குறைவு’ என்று எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும், பாதுகாப்புக்கும் கழிவுக்கும் அங்கே என்ன செலவழிக்கிறார்கள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, விலை கூடின துணியை வாங்கினால் தைத்தவருக்கு அதிகம் போகுமா? அப்படி நம்பிவிடக் கூடாது. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே கட்டடம் விரிசல் விட்டிருந்தது. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. தையல் தொழிலாளிகளை மட்டும் மறுநாள் வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். மலிவுக்குப் பேர்போன பிரைமார்க்குக்கும், அதைவிட விலை கூடிய பெனட்டனுக்கும் துணி தைத்தது அதே கட்டடத்தில்தான். கடை விலையில் தைத்தவரின் கூலி பெரும்பாலும் ஒரு சில சதவீதம். அதனால் கூலியை இரண்டு மடங்காக்கினாலும் சட்டையின் விலை இரண்டு மடங்காகாது.

கோபத்தில் ‘இனி அந்தக் கடைத் துணியே வேண்டாம்’ என்று முடிவெடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது தைக்கும் பெண்ணுக்குத்தான். வத்தலக்குண்டு, வேடசந்தூர் பக்கம் மில் வேனுக்காகக் காத்து நிற்கும் பெண்களின் சம்பளத்தை நம்பி வீடுகள் இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே வேறொரு வழி பிறந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் டிடிசியு தொழிற்சங்கம் விடாமல் போராடி 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பையர்கள் அதோடு தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, தொழிலாளிகளே வேலைத்தளத்தில் கண்காணிப்பாளர்களாக நிற்க அது வழி செய்தது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் அதன் ஆர்டரில் பையர் கைவைக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். விலையைக் குறைக்கப் பயன்படும் அதே ஆர்டர் இங்கே தொழிலாளியின் பாதுகாப்புக்குப் பிடிமானமானது. எச் அண்ட் எம் 2013 முதல் தனக்குத் தைக்கும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. நீங்கள் வாங்கும் பிராண்டும் அப்படி வெளியிடுகிறதா என்று அவர்களிடமே எழுதிக் கேட்கலாம்.