சர்வர் தரவை மாற்றும்போது நிறுத்த நேரத்தைக் குறைக்க

பழைய வட்டிலிருந்து புதிய சேமிப்பகத்துக்குத் தரவை மாற்றும்போது, சேவையை நிறுத்திவிட்டு நகலெடுக்கத் தொடங்காதீர்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் (rsync) என்னும் கோப்பு நகலெடுக்கும் கருவியைக் கொண்டு முழு நகலையும் எடுத்து, மாற்றும் நாள்வரை அதே கட்டளையை மேலும் ஓரிரு முறை ஓட்டிய பிறகு, சேவையை நிறுத்திக் கடைசி முறை ஓட்டுங்கள்.

கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டு மாறியவற்றை மட்டுமே ஆர்சிங்க் நகலெடுப்பதால் கடைசிச் சுற்று விரைவில் முடியும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை முந்தைய சுற்றே காட்டிவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பில் ஸ்கேன்களும் மாதிரிப் படங்களும் பெரும்பாலும் மாறாதவை என்பதால், அங்கே இம்முறை மிகவும் பயன்படும். பழைய இடத்தில் அழிக்கப்பட்ட கோப்புகளைப் புதிய இடத்திலும் நீக்க, கடைசிச் சுற்றில் 'டெலிட்' தெரிவைச் சேர்க்க வேண்டும். ஆனால் மூலமும் இலக்கும் இடம் மாறிவிட்டால் இதே தெரிவு நல்ல தரவையே அழித்துவிடும் என்பதால், முதலில், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும் 'டிரை ரன்' தெரிவுடன் ஓட்டி, வரும் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்பது கட்டாயம்.

மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களுக்கும் மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகளுக்கும் இது ஏற்றதல்ல. ஓயாமல் எழுதப்படும் அந்தப் பெரிய கோப்புகளை, ஒரே கணினிக்குள் வட்டு மாற்றும்போது ஆர்சிங்க் ஒவ்வொரு முறையும் முழுதாகவே நகலெடுக்கும். தரவுத்தளத்துக்கு, மாற்றங்களைத் தொடர்ந்து இன்னொரு பிரதிக்கு அனுப்பிவரும் ரெப்ளிகேஷனே சரியான வழி.