கல்லைப் பார்க்காமல் கல்வெட்டு எழுதாதீர்கள்

போன வாரம் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைக் கொண்டுவந்தார். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசற் கல்வெட்டை நான்கு அடியும் முழுதாக மேற்கோள் காட்டியிருந்தார். கீழே ‘கோட்டைவாசற் கல்வெட்டு’ என்று ஓர் அடிக்குறிப்பு. எனக்குத் திக்கென்றது. 11 வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே அடிக்குறிப்பு. ஆய்வேடு எழுதுபவர்கள் விடவேண்டிய பழக்கங்கள் சிலவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எழுத்துப்பிழை, விடுபட்ட பக்க எண் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள்.

காலையை வாசிப்புக்குக் கொடுப்பது

வேண்டாம். காலை எழுதுவதற்கு.

பிறர் கண்ணால் பார்ப்பது

குளக்கோட்டன் என்ற மன்னன் மூட்டிய கோயில் திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் அந்தக் கல்வெட்டுப் பாட்டைத் திருகோணமலையில் பலர் மனப்பாடமாகவே சொல்வார்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்குப் போட்டார்கள். ஆகவே ‘பிரிக்கவே’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு முழு இயலையே கட்டினேன். பாட்டை ஒரு நூலிலிருந்து எடுத்தேன். அந்த நூலின் பெயரைப் போடாமல் கல்வெட்டின் பெயரைப் போட்டேன்.

வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, நீர் கல்லைப் பாத்தனீரோ?”

கோட்டை வாசலால் கோயிலுக்கு நூறு தடவை போயிருக்கிறேன். மான்கள் மேய்வதைப் பார்த்திருக்கிறேன். கல்லை நின்று பார்த்ததில்லை. மறுநாள் போய் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடித்தால் தேய்ந்த எழுத்துத் தெரியாது. சாய்த்தால் பள்ளத்தில் நிழல் விழும். இரட்டைக் கயல்மீன் சின்னம் தெரிந்தது. ‘குள’ தெரிந்தது, ‘பறங்கி’ தெரிந்தது. மற்றவை உடைந்தும் தேய்ந்தும் கிடந்தன. கல்லில் இருப்பது துண்டுகள்தான். முழுப்பாட்டு வாய்வழியாகவும் ஏட்டுவழியாகவும் வந்தது. ‘பிரிக்கவே’ என்று ஒரு பாடம், ‘பிடிக்கவே’ என்று இன்னொன்று. நான் இயல் கட்டிய சொல்லே பாடபேதத்துக்கு உரியது! திருத்தி எழுத எட்டு மாதம் போயிற்று. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த கல் அது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பாட்டை மேற்கோள் காட்டுவதில் குற்றமில்லை. எந்த நூலில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கல்லில் கண்ட எழுத்தையும் நூலில் கண்ட எழுத்தையும் பிரித்துக் காட்டுங்கள். கண்ட தேதியையும் அன்றே குறியுங்கள்.

தத்துவத்தைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைப்பது

எழுதி முடித்த பிறகு கடற்கரையில் இருந்து யோசிக்கும் விஷயம் அது என்று நானும் நினைத்தேன். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கப் பகுதியை அளவையிலிருந்துதான், அதாவது ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதிலிருந்துதான், தொடங்குகிறார். காண்டல் (நேரே பார்ப்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது): இந்த மூன்றுக்குள் மற்றவற்றையும் அடக்குவது சைவ சித்தாந்தம். இதை வகுப்பில் படிப்பித்துக்கொண்டே, அடிக்குறிப்பில் உரையைக் காண்டல் என்று எழுதியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் பக்கத்தில் பென்சிலால் கா, க, உ என்று ஓர் எழுத்துப் போடுகிறேன். அரை மணி நேர வேலை. அன்று செய்திருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

பில்லின் பின்பக்கம் எழுதுவது

சைவக்கடையில் இடியப்பம் வருவதற்குள் நல்ல வரி ஒன்று வந்துவிடும். பில்லில் எழுதினால் சொதி பட்டு மை கரைந்துவிடும். எனக்கு அப்படி ஒரு முடிவுரையே போனது. சின்னக் கொப்பி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

மேசையில் இருந்தே சாப்பிடுவது

கூடாது. வெளியே போங்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். டச் பே கடற்கரையில் இறால் வடை சாப்பிட்டபடி உங்கள் வாதத்தை ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத நண்பருக்குச் சொல்லிப்பாருங்கள். “அது உனக்கு எப்படித் தெரியும்?” என்று அவர் கேட்கும் இடத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவியிடம் இயலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோட்டை வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டோர்ச் நான் கொண்டுபோகிறேன்.