இணைய நிறுவனம் மாற்றியபின் பழைய ரவுட்டரில் நெட் வரவில்லையா?

புது ஃபைபர் லைன் போட்டாயிற்று. உங்கள் சொந்த ரவுட்டரைச் செருகினால் வைஃபை பெயர் தெரிகிறது, நெட் மட்டும் வரவில்லை. உடனே ரீசெட் துளையில் ஊசியைக் குத்தாதீர்கள். பெரும்பாலும் ரவுட்டர் கெட்டிருக்காது. பழைய நிறுவனத்துக்காகப் போட்ட செட்டிங் அதில் அப்படியே இருக்கும். ஃபைபர் வந்து சேரும், நிறுவனம் கொடுத்த ஓஎன்டி (ONT) பெட்டியை ரீசெட் செய்வது அதைவிட மோசம். அதிலுள்ள லைன் விவரங்கள் அழிந்தால் ஆள் வந்துதான் மறுபடி போட வேண்டும்.

முதலில் ஓஎன்டியின் விளக்குகளைப் பாருங்கள். பிஓஎன் (PON) விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று பொருள். புகார் கொடுப்பதுதான் வழி. கூர்மையாக மடங்கிய ஃபைபரை நேராக்கிப் பார்க்கலாம், ஆனால் கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

பச்சை எரிகிறதா? ஓஎன்டியின் லேன் (LAN) போர்ட்டிலிருந்து வரும் கேபிள், ரவுட்டரில் வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில்தான் இருக்க வேண்டும். டெலிபோன் வயர் செருகும் ஓட்டை மட்டும் உள்ள பழைய ஏடிஎஸ்எல் மோடம் இதற்கு உதவாது. இரண்டையும் அணைத்து, ஓஎன்டியை முதலில் போட்டு 2 நிமிடம் விட்டு, பிறகு ரவுட்டரைப் போடுங்கள்.

இனி பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, ஸ்டேட்டஸில் வான் ஐபி (வெளிப்பக்கத்திலிருந்து ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி எண்) என்ன என்று பாருங்கள். பாதி விடை அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.

0.0.0.0 என்றிருந்தால் பெரும்பாலும் இணைப்பு வகை பொருந்தவில்லை. பிஎஸ்என்எல் ஃபைபர் போன்றவை பிபிபிஓஇ (PPPoE) முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். வேறு சில டிஎச்சிபி (DHCP) முறையில் தானாக ஐபி தரும். எது என்று நிறுவனத்திடம் கேட்டு மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் பிபிபிஓஇ பாஸ்வேர்டும் வேறு வேறு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய லைனுக்காகப் போட்ட விலான் எண் (VLAN, லைனைப் பிரித்தறியும் எண்) இருந்தால் எடுத்துவிடுங்கள், புது நிறுவனம் ஒன்று சொன்னால் அதைப் போடுங்கள். டெக்னீஷியன் முதலில் கேபிளைச் செருகிய லேப்டாப்பின் மேக் (MAC) முகவரியோடு, அதாவது அந்தக் கருவியின் தனி அடையாள எண்ணோடு, லைன் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் கஸ்டமர் கேரில் "மேக் ரீசெட் செய்து தாருங்கள்" என்று கேளுங்கள்.

192.168 என்று தொடங்கினால் ஓஎன்டியே ரவுட்டர் வேலையையும் செய்கிறது. இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் மோதல்தான்: நெட் வராது, அல்லது விட்டுவிட்டு வரும். உங்கள் ரவுட்டரின் லேன் ஐபியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். இல்லையென்றால் அதை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு அதுவே சுலபம்.

100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் பல வீடுகளுக்குப் பொதுவான ஐபி. நெட் நன்றாகவே ஓடும். ஆனால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் செட்டிங்) மூலம் வெளியிலிருந்து பார்த்துவந்த சிசிடிவி வராது. ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான மாறாத முகவரி) கேட்க வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் கிளவுட் ஆப்பில் பார்க்க வேண்டும்.

வான் ஐபி சரியாக இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பழைய நிறுவனத்தின் டிஎன்எஸ் (DNS, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) மிச்சமிருக்கிறதா பாருங்கள். அதை எடுத்துவிட்டு 1.1.1.1, 8.8.8.8 போடலாம். சில தளங்கள் திறந்து, சில மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் எம்டியூவை (MTU, ஒரு டேட்டா பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) பாருங்கள். பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 பொருந்தாது, 1492 வேண்டும்.

200 எம்பிபிஎஸ் பிளானில் வேகம் 94 அருகிலேயே நின்றால் கேபிளின் முனையைக் கையிலெடுத்து உற்றுப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளக்குக்குள் 8 வண்ண இழைகளும் முனைவரை போயிருக்க வேண்டும். 4 மட்டும் இருந்தாலோ ஒன்று உள்வாங்கியிருந்தாலோ 100க்கு மேல் ஏறாது. இழைகள் சரியென்றால் ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையா என்று பாருங்கள்.

புது ரவுட்டரே வாங்கினாலும் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அப்படியே வையுங்கள். டிவி, பிரிண்டர், ஸ்மார்ட் பிளக் எல்லாம் பெரும்பாலும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.