வெண்பாக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

பெருக்கல் வாய்பாட்டுக்கும் செய்யுளின் ஓசையை அளக்கும் 'தேமா, புளிமா' வாய்பாட்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். அதனாலோ என்னவோ, கணக்கில் ஆசை உள்ளவர்கள் வெண்பா வகையான குறளைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். எண்ணட்டும். எதை எண்ணுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

133 அதிகாரம், 1330 குறள், இலக்கங்களைக் கூட்டினால் 7 என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அதிசயத்தை விட்டுவிடுவோம். அது வெறும் வேடிக்கை.

எழுத்தை எண்ணுவது அடுத்த தவறு. 'எழுத்தெல்லாம்' என்பதில் 7 எழுத்து; யாப்புக்கு, அதாவது செய்யுள் இலக்கணத்துக்கு, மூன்றே அசை (ஓசைத் துண்டு): எழுத்/தெல்/லாம். ஒற்று (புள்ளி எழுத்து) தனி அசையாகாது. சரி, ஒலிக்கும் கால அளவான மாத்திரையை வைத்துப் பிரிக்கலாமா? அதுவும் உதவாது. 'கா' 2 மாத்திரை, 'பல' 2 மாத்திரை. ஆனால் முன்னது நேர் (குறிலோ நெடிலோ தனியாக நிற்கும் அசை), பின்னது நிரை (குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்த அசை). வடமொழி யாப்பின் லகு (1 மாத்திரை), குரு (2 மாத்திரை) இரண்டையும் நேர், நிரைக்கு அப்படியே பொருத்துகிறவர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான்.

நான் மாட்டிக்கொண்டது பெருக்கலில். குறளுக்கு 7 சீர், அதாவது அசைகளால் ஆன 7 ஓசைச் சொற்கள். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என 4 வகை. மற்ற ஆறிலும் மாச்சீர் (நேரில் முடியும் ஈரசை) 2, விளச்சீர் (நிரையில் முடியும் ஈரசை) 2, காய்ச்சீர் (நேரில் முடியும் மூவசை) 4, ஆக 8 வகை வரலாம். எட்டை ஆறு முறை பெருக்கி, அதை நாலால் பெருக்கினேன்: 10,48,576 அமைப்புகள்! ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதியான தளையை மறந்தே போனேன். மாவுக்குப் பின் நிரைதான் வர வேண்டும். விளத்துக்கும் காய்க்கும் பின் நேர்தான். வகைகளில் பாதி நேரில் தொடங்கும், பாதி நிரையில். அப்படியானால் முதல் சீருக்கு மட்டுமே 8 வாய்ப்பு. அடுத்த ஐந்துக்கும் நாலு நாலு, கடைசிக்கு 2. 8 × 1024 × 2 = 16,384. என் விடை 64 மடங்கு வீங்கியிருந்தது. இதுவும் ஓசை அச்சுகளின் எண்ணிக்கைதான். எதுகை, மோனை, பொருள் எதுவும் இதில் இல்லை.

வெண்பாவைச் சரிபார்க்கக் கணினி நிரல் எழுதுகிறவர்கள் பதம் பிரித்த குறளை உள்ளே கொடுத்துவிடுகிறார்கள். 'அகர முதல எழுத்து எல்லாம் ஆதி' என்று கொடுத்தால் நாலு சீர் வர வேண்டிய அடியில் ஐந்து சீர். 'எழுத்து' புளிமா, அடுத்த 'எல்லாம்' நேரில் தொடங்குவதால் தளை தட்டும். வள்ளுவருக்கே பிழை போடும் நிரல்! சேர்த்து 'எழுத்தெல்லாம்' என்று கொடுத்துப் பாருங்கள்: புளிமாங்காய் ஆகி, அடுத்து வரும் 'ஆதி'யோடு அழகாகப் பொருந்திவிடும்.