நெடுஞ்சாலை ஓரத்தில் நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் ஒரே பாதை: திட்டமிடும் முறை

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், காலை எட்டு மணிக்குத் தவளக்குப்பத்திலோ கிருமாம்பாக்கத்திலோ அரைமணி நேரம் நின்றால், அந்தச் சாலை யாருக்கெல்லாம் தேவைப்படுகிறது என்பது விளங்கிவிடும். பேருந்துகளும் லாரிகளும் விரையும் தாருக்கு ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே எஞ்சியிருக்கும் ஒரு முழ அகலத்தில், பள்ளிப் பிள்ளைகள் மிதிவண்டியிலும் வேலைக்குப் போகும் பெண்கள் நடந்தும் செல்வார்கள். மீன் கூடை சுமப்பவர்கள் அதே ஓரத்தில் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இப்படி ஓரத்தில் நடந்தும் மிதிவண்டியிலும் செல்பவர்களுக்காகச் சாலையை ஒட்டி ஒரு பொதுப் பாதை வேண்டும் என்று கேட்கும் ஊர்ச் சங்கங்களுக்கும், அதை வரைந்து கொடுக்க வேண்டிய உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் இளம் பொறியாளர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதையை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் இடம் தாராளமாக உள்ள நேரான பகுதியில் தொடங்கி, சிக்கலான இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு கிலோமீட்டர் அழகாகச் செல்லும் பாதை ஒரு சிறுபாலத்துக்கு முன்னால் திடீரென்று முடிந்து, நடப்பவரை லாரியின் முன்னால் இறக்கிவிடுகிறது. பாலம், சிறுபாலம், பெட்ரோல் பங்க் வாசல், கல்யாண மண்டப வாசல், பேருந்து நிறுத்தம், குறுக்குத் தெரு ஆகிய இடங்களில்தான் ஒரு பாதை அறுபடுகிறது. திட்டத்தையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

நடந்து பார்த்தலும் எண்ணுதலும்

எந்த அளவையும் எடுப்பதற்கு முன், திட்டமிடும் நீளம் முழுவதையும் ஒரு முறை நடந்தும் ஒரு முறை மிதிவண்டியிலும் கடக்க வேண்டும். காரில் போய்ப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. கையில் ஒரு நோட்டும் அளவு நாடாவும் இருந்தால் போதும். பாதை அறுபடும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அங்கே தார் விளிம்பிலிருந்து மதில் அல்லது கடை வாசல் வரை எத்தனை மீட்டர் இருக்கிறது, மின்கம்பம் எங்கே நிற்கிறது, வாய்க்கால் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் இவ்வாறு ஒரு பகுதியை நடந்து அளந்தபோது, மூடிய வடிகாலின் மேல் போடப்பட்ட சிலாப்புகளையே மக்கள் நடைபாதையாகப் பயன்படுத்துவதைக் கண்டேன். சிலாப்பைத் தூக்குவதற்காக விட்ட இரும்பு வளையங்கள் பல இடங்களில் மடக்கப்படாமல் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வயதான அம்மாவின் புடவைக் கரை அந்த வளையத்தில் சிக்கியது. அவர் குனிந்து அதை விடுவித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் வந்த மாணவி மிதிவண்டியிலிருந்து இறங்க இடமில்லாமல் தாருக்குள் ஒதுங்கினாள். வளையத்தை மடக்கிவிட ஒரு சுத்தியலும் இரண்டு நிமிடமும் போதும். அப்படிப்பட்ட சிறிய குறைகளையும் எண் போட்டு எழுதுங்கள், ஏனெனில் அவை எந்த வரைபடத்திலும் வருவதில்லை.

அடுத்து ஆள் எண்ணிக்கை. பள்ளி நாள் ஒன்றிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும், காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 7 வரையும், கால் மணிக்கு ஒரு வரிசையாக எழுதிக்கொள்வது நல்லது. நடப்பவர், மிதிவண்டி, தள்ளுவண்டி, சக்கர நாற்காலி என்று தனித்தனிப் பத்தி வேண்டும். இவற்றோடு எதிர்த்திசையில் வரும் இரு சக்கர வாகனங்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கும்படி வற்புறுத்திச் சொல்கிறேன். சென்டர் மீடியனில் திரும்பும் வழி தொலைவில் இருந்தால், பக்கத்துக் கடைக்குப் போக வேண்டியவர் ஓரமாக எதிர்த்திசையில்தான் வருவார். நாளைக்குப் பாதை போட்டால் அதில்தான் ஏறுவார். அந்த எண் பெரிதாக இருந்தால், பாதையோடு சேர்த்துத் திரும்பும் வழியையும் அணுகுசாலையையும் கேட்டுப் பெறாமல் வேலை முடியாது.

மேல்நிலைப் பள்ளிகள் இருக்கும் பகுதியில் எண்ணிக்கை நிச்சயம் உயரும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது; வண்டியைக் கொடுத்த பிறகு அது ஓடுவதற்கு இடம் கொடுப்பதும் அரசின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

அகலம்

மிதிவண்டியின் கைப்பிடி ஏறக்குறைய 60 செ.மீ. அகலம், ஓட்டும்போது ஏற்படும் அசைவையும் சேர்த்தால் ஒருவருக்கு ஒரு மீட்டர் வேண்டும். பேசிக்கொண்டு நடக்கும் இருவருக்குக் குறைந்தது 1.2 மீட்டர் தேவை. எதிரே வரும் மற்றொரு வண்டியையும் எண்ணினால், இரு திசையிலும் பயன்படும் பொதுப் பாதைக்கு 3 மீட்டருக்குக் குறைந்த எந்த அகலமும் சண்டைக்கே வழி வகுக்கும். அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் பிரிட்டன் நெறிகளும் இதே 3 மீட்டரைத்தான் அடிப்படை அளவாக வைத்துள்ளன. பள்ளி, சந்தை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு அருகில் 4 மீட்டர் கேளுங்கள். அதற்கும் மேல் கூட்டம் இருக்குமானால், மிதிவண்டிக்கும் நடைக்கும் தனித்தனித் தடம் பிரிப்பதே முறை. நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த ஐ.ஆர்.சி. 103 நெறியும், மிதிவண்டித் தடத்துக்கு ஐ.ஆர்.சி. 11 நெறியும் உள்ளன; மனு எழுதும்போது இவ்விரண்டின் எண்களையும் குறிப்பிடுவது பயன்தரும்.

இந்த 3 மீட்டர் முழுவதும் தடையற்றதாக இருக்க வேண்டும். மின்கம்பம், பெயர்ப்பலகை, மரம் எல்லாம் அதற்கு வெளியே, ஓரத்திலிருந்து இன்னும் 60 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். சாலைக்கும் பாதைக்கும் நடுவில் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும். அது கிடைக்காத இடத்தில் தடுப்புச் சுவரோ இரும்புத் தடுப்போ கட்டாயம். லாரி கடக்கும்போது எழும் காற்றுக்கே மிதிவண்டி தடுமாறும் என்பதை அந்த ஓரத்தில் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

அறுபடும் இடங்கள்

வாசல்களை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்ரோல் பங்கும் மண்டபமும் தன் வாசலுக்காகப் பாதையை வெட்டித் தாழ்த்திவிட்டால், நடப்பவர் நூறு மீட்டருக்குள் ஐந்தாறு முறை இறங்கி ஏற வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர் முதல் வாசலிலேயே திரும்பிவிடுவார். எனவே பாதையின் மட்டமும் நிறமும் வாசலின் குறுக்கே அப்படியே தொடர வேண்டும்; உள்ளே போகும் வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்றத்தை 1.5 மீட்டர் இடைவெளிக்குள்ளேயே அமைத்துவிடலாம். ஏறும் வண்டி தானாகவே வேகம் குறைக்கும் என்பது இதில் கூடுதல் நன்மை. சாலை நெடுக முழுவதும் திறந்து கிடக்கும் முகப்புகளில், உள்ளே வர ஒன்றும் வெளியே போக ஒன்றுமாக இரண்டு வாசல்களை மட்டும் விட்டு, மற்றதைச் செடி வைத்தோ கெர்ப் கல் (ஓரக்கல்) வைத்தோ அடைத்துவிட வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் பாதை நிழற்குடையின் பின்புறமாகச் செல்ல வேண்டும். முன்புறமாக விட்டால், பேருந்தைப் பார்த்து ஓடுபவர் மிதிவண்டியின் குறுக்கே விழுவார். பின்னால் இடமில்லை என்று சொல்லப்பட்டால், நிழற்குடையை நகர்த்தச் சொல்லுங்கள். பாதையைத் திருப்புவதைவிட அது எளிது.

பாலங்கள்தான் உண்மையான சோதனை. இந்தச் சாலையில் அரியாங்குப்பம் ஆறு, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு, கடலூரின் நுழைவில் தென்பெண்ணை ஆகிய ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. பாலத்தின் மேல் பாதைக்கு இடமில்லையென்றால், அதை ஒட்டித் தனியாக ஒரு நடைப்பாலம் கட்டுவதுதான் முறையான தீர்வு. திட்டச் செலவில் பெரும்பகுதி அதற்கே போகும். ஆகவே மதிப்பீட்டை எழுதும்போது முதல் வரியில் பாலத்தை எழுதுங்கள். கடைசி வரியில் எழுதப்படும் பாலம், பணம் குறையும்போது முதலில் அடிபடும்.

மோட்டார் சைக்கிள்களைத் தடுக்கக் குறுக்கே இரும்புக் கம்பிகளை நெருக்கமாக நடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கார் நுழையாமல் இருக்க நடுவில் ஒரு கம்பம் போதும். மோட்டார் சைக்கிள் நுழையாத அளவுக்கு நெருக்கினால் சக்கர நாற்காலியும் நுழையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதை ஏற்காது. இதற்குக் குறுக்குவழி கிடையாது. திரும்பும் வழியை அருகில் கொடுப்பதும், தொடக்க மாதங்களில் போக்குவரத்துக் காவலரை நிறுத்துவதுமே பலன் தரும்.

தண்ணீர், நிழல், தரை

இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது; சாலையோ வடக்கு தெற்காக ஓடுகிறது. பாகூர்ப் பக்கத்து வயல்களின் வடிநீர் சாலையைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். சாலைக்குக் கீழே உள்ள ஒவ்வொரு மதகுக்கும் நேராக, அதே அளவுத் திறப்பைப் பாதைக்குக் கீழேயும் விடாவிட்டால், நாம் போடும் பாதையே ஒரு கரையாக நின்று வயலையும் தெருவையும் மூழ்கடிக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையையும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகி வந்ததையும் கண்ட ஊர்களில், இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எந்த மதகு எந்த வயலுக்கு என்பதைப் பொதுப்பணித் துறைக் கோப்பைவிட அந்த ஊர் விவசாயிகள் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு நடந்து கேளுங்கள்.

நிழல் இல்லாத பாதையை ஏப்ரல், மே மாதங்களில் யாரும் தொடமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது விழுந்த மரங்களை நினைத்து, காற்றுக்குத் தாங்கும் புங்கை, வேம்பு, பூவரசு ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விரைவாக வளர்கிறது என்பதற்காகத் தூங்குமூஞ்சியையும் மயில்கொன்றையையும் நட வேண்டாம். ஏற்கெனவே நிற்கும் பனையையும் புளியையும் வெட்டாமல் பாதையைச் சற்று வளைத்துக்கொள்ளலாம்.

தரைக்குப் பேவர் பிளாக் எளிதாகக் கிடைக்கும் என்றாலும், அடிமண் இறங்கியதும் கற்கள் மேடும் பள்ளமுமாகி மிதிவண்டியை உலுக்கும். தாரோ, துடைப்பத்தால் வரி போட்ட கான்கிரீட்டோ மேலானது. நீர் வழிய நூற்றுக்கு இரண்டு சாய்வு போதும். வடிகால் மூடிகளின் இடுக்குகள் வண்டி போகும் திசையில் நீளவாக்கில் இருக்கவே கூடாது; சக்கரம் அதில் இறங்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். முள்ளோடை, கன்னியக்கோயில் போன்ற எல்லைப் பகுதிகளில் மதுக்கடைகளால் இரவு வெகுநேரம் நடமாட்டம் இருப்பதால், பாதைக்கென்றே தாழ்வான தனி விளக்குகள் வேண்டும். நெடுஞ்சாலையின் உயர்ந்த விளக்கின் ஒளி மரங்களுக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

அனுமதியும் பொறுப்பும்

தேசிய நெடுஞ்சாலை நிலத்தில் உள்ளாட்சி தன் விருப்பப்படி எதையும் கட்ட முடியாது; 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி நெடுஞ்சாலை நிருவாகத்தின் அனுமதி வேண்டும். இந்தச் சாலையில் அரியாங்குப்பம், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் புதுச்சேரியிலும், ரெட்டிச்சாவடியிலிருந்து தெற்கே உள்ள ஊராட்சிகளும் கடலூர் மாநகராட்சியும் தமிழ்நாட்டிலும் இருப்பதால், எல்லையில் பாதை அறுந்துபோகும் ஆபத்து அதிகம். இரு பக்கத்து உள்ளாட்சிகளும் ஒரே வரைபடத்தை இணைத்து, ஒரே நாளில் மனு கொடுக்க முயல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, வடிவமைப்புத் தரத்தைக் கைவிட்ட பொறுப்பாளர்களுக்கு அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2025 மே மாதம், கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இவ்விரண்டையும் மனுவில் சேருங்கள்.

ஓரத்தில் இளநீரும் நுங்கும் விற்பவர்களை விரட்டிவிட்டுப் பாதை போடுவது நியாயமும் இல்லை, நிலைப்பதும் இல்லை. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014 அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. பாதையின் சாலைப்பக்கத்தில் அல்லாமல் உட்பக்கத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினால், வாங்குபவர் நிற்பதும் பாதைக்கு வெளியே அமைந்துவிடும்.

யார் பெருக்குவது, விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது, உடைந்த சிலாப்பை எத்தனை நாளில் மாற்றுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

தரையில் கோடு போட்டுப் பார்த்தல்

மதிப்பீடு இறுதியாவதற்கு முன், மிகக் கடினமான அரை கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து, காவல்துறையின் ஒப்புதலோடு ஒரு ஞாயிறு காலையில் சுண்ணாம்புத் தூளால் பாதையின் இரு விளிம்புகளையும் தரையில் வரைந்து, சாலைப்பக்கம் பேரிகார்டுகளை நிறுத்திப் பாருங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர், கூடை சுமந்த ஒருவர், கைத்தடியோடு ஒரு பெரியவர், மிதிவண்டியில் நான்கைந்து பிள்ளைகள் ஆகியோரை இரு திசையிலும் ஒரே நேரத்தில் வரச் சொல்லுங்கள். எங்கே ஒருவர் நிற்கிறாரோ, எங்கே கோட்டைத் தாண்டிக் கால் வைக்கிறாரோ, அங்கே வரைபடத்தைத் திருத்த வேண்டும். கோட்டை அழித்துத் திரும்ப வரைய ஒரு பை சுண்ணாம்பு போதும். கான்கிரீட் போட்ட பிறகு அது முடியாது.

பாதை கட்டி முடிந்த பின் முதல் ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில், அதே குழுவினர் அதே பழைய நோட்டுடனும் ஒரு டப்பா பெயின்ட்டுடனும் மறுபடி நடக்க வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் சுற்றி வட்டம் போட்டு, படம் எடுத்து, ஒப்பந்ததாரர் தன் செலவில் குறைகளைச் சரிசெய்ய வேண்டிய குறைநீக்கப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் எழுத்து மூலமாக அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.