பொருக்கு உதிர்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வருடம் முன்பு ஒரு தெருமுனைத் திருப்பத்தில், வீடு கட்டுகிறவர்கள் கொட்டி வைத்திருந்த எம்-சாண்டில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தேன். பெரிய அடி இல்லை. இடது முழங்காலில் ஒரு சிராய்ப்பு, இடது முன்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நேரத்தில் பட்டவை, ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மருந்துதான் போட்டேன், இரண்டிலும் பொருக்கு உதிர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரே வாரம். இன்றைக்கு முழங்காலில் நடுவே ஒரு மெல்லிய கோடு தவிர ஒன்றும் இல்லை (அந்தக் கோடு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்). கையில் மட்டும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

முழங்கால் பேண்ட்டுக்குள் இருந்தது. கை அரைக்கைச் சட்டைக்கு வெளியே, தினமும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டும்போது வெயிலில் இருந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் பிறகு தோல் மருத்துவரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்ட கேள்வியே "இந்தக் கைக்கு வெயில் படுமா?" என்பதுதான்.

ரத்தம் வரும்போது நமக்கு இருக்கிற அக்கறை, பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்ததும் காணாமல் போய்விடுகிறது. "ஆறிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அப்போது மேலே தெரிவது அவசரத்துக்குப் போட்ட கூரை மாதிரி. உள்ளே வேலை இன்னும் பல மாதம் நடக்கிறது. நிற்கப்போகிற தழும்பு எப்படி இருக்கும் என்பதில் பெரிய பங்கு அந்த மாதங்களுக்குத்தான்.

அதற்கு முந்தைய கட்டம், சுருக்கமாக

காயம் பட்டவுடன் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மண் துகள் எதுவும் உள்ளே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டுத் துகள் உள்ளே தங்கி அதன்மேல் தோல் மூடினால் பச்சை குத்தினது போலக் கருநீலமாக நிரந்தரமாக நின்றுவிடும். தானாக வராத துகளை நகத்தால் கிளறாமல் மருத்துவரிடம் போங்கள். டெட்டாலை நேராக ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடை நுரை பொங்க ஊற்றுவது எல்லாம் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர வேண்டிய செல்களையும் எரிக்கும். அழுக்கான காயமாக இருந்து, கடைசி டெட்டனஸ் தடுப்பூசி (டிடி ஊசி) போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். சுத்தமான சின்னக் காயம் என்றால் கணக்கு 10 வருடம்.

அப்புறம் அந்த "காத்தாட விடு, காயட்டும்" விஷயம். நம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள், என் அம்மாவும் சொன்னார். ஆனால் 1962-லேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, காய்ந்து பொருக்குக் கட்டிய காயத்தைவிட ஈரம் போகாமல் மூடி வைத்த காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்கிறது என்று காட்டிவிட்டார். புதுச் செல்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வர வேண்டும். ஈரமாக இருந்தால் நேராக வரும், பொருக்கு இருந்தால் அதன் அடியில் குடைந்துகொண்டு வர வேண்டும். அதனால் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத துணிக்கட்டோ பிளாஸ்திரியோ போட்டு, தினமும் மாற்றினால் போதும். பவுடர் தூவிக் கெட்டியாக அப்பி வைப்பதைக் கூடியவரை தவிர்க்கலாம். பொருக்குக் கட்டியே விட்டதா, சரி, பிய்க்காதீர்கள். ஜெல்லி தடவி ஊற விட்டால் அதுவே விடும்.

மூடிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

குளிக்கும்போது தண்ணீர் பட்டால் எரியவில்லை, இரவு போர்வையில் நீர்க்கசிவுக் கறை இல்லை, மேலே மெல்லிசாக, பளபளவென்று, ரப்பர் பலூன் தோல் போல ஒரு படலம் இருக்கிறது என்றால் மூடிவிட்டது. நிறம் ஆளுக்கு ஆள் மாறும். மாநிறக்காரர்களுக்கு இளஞ்சிவப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ, சிலருக்கு ஆரம்பத்திலேயே கருத்தோ இருக்கலாம். வெளுத்திருப்பதைப் பார்த்து வெண்புள்ளி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். நிறம் தரும் செல்கள் ஓரங்களிலிருந்தும் முடிக்கால்களிலிருந்தும் மெதுவாக வந்து சேரும்.

இனிமேல் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

கழுவும்போது வெறும் விரல், வாசனை குறைந்த சோப்பு, நிறையத் தண்ணீர். பீர்க்கங்காய் நார், கடலை மாவு, பயத்தமாவு எல்லாம் ஒன்றிரண்டு மாதத்துக்கு அந்த இடத்தில் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. புதுத் தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் திறன் இன்னும் சரியாக வந்திருக்காது, அதனால்தான் சீக்கிரம் வறண்டு, செதில் செதிலாக உரிந்து, அரிக்கிறது. நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் இதைத் தடிமனாகப் பூசிக்கொண்டு வெளியே போனால் தூசியெல்லாம் வந்து ஒட்டும், பக்கத்தில் வேர்க்குருவும் வரலாம். நான் பகலில் வாசனையில்லாத லேசான லோஷன், இரவில் ஜெல்லி என்று பிரித்துக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்பீர்கள்: தோல் முழுதாக மூடியிருந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தராது, ஆனால் வாசனை சேர்த்த கூந்தல் எண்ணெய் வேண்டாம்.

அரிப்பு வரும். வந்தே தீரும், நரம்பு நுனிகள் மறுபடி வளர்வதாலும் ஹிஸ்டமின் சுரப்பதாலும் வருவது அது. "அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்" என்று பாட்டிகள் சொல்வது பாதி சரி. அதற்காகச் சொறியக் கூடாது. ஈரத்துணியைச் சில்லென்று வைத்து எடுங்கள், ஜெல்லி தடவுங்கள், தாங்கவில்லை என்றால் மேலே லேசாகத் தட்டுங்கள். குழந்தைகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு இரவில் மெல்லிய துணியால் மூடிவிடலாம், தூக்கத்தில் சொறிவதைத் தடுக்க வேறு வழியில்லை. ஆனால் அரிப்பு காயத்தைத் தாண்டிப் பரவி, சின்னச் சின்ன நீர்க்கொப்புளமும் இருந்தால் அது ஆறுகிற அரிப்பு அல்ல, ஒவ்வாமை. பிளாஸ்திரியின் பசையாலும் வரும், நியோமைசின் கலந்த களிம்பாலும் வரும். உடனே நிறுத்துங்கள்.

வெயில்தான் முக்கியம்

வீங்கி ஆறிய தோலில் நிறமிச் செல்கள் ஏற்கெனவே கிளறிவிடப்பட்டிருக்கின்றன. அதன்மேல் வெயிலும் பட்டால் மெலனின் என்ற கறுப்பு நிறமியை அள்ளி இறைக்கின்றன. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இது அதிகம். நிறமி மேல்தோலோடு நின்றால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். உள்தோலுக்கு இறங்கிவிட்டால் என் கை மாதிரி வருடக்கணக்கில் இழுக்கும்.

துணியால் மூடுவதுதான் முதல் வழி, மலிவான வழியும்கூட. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரோட்டோரத்திலேயே விற்கிற அந்தக் கையுறை (தோள்வரை இழுத்துவிடுவது) போதும். நான் அதை அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும். மூட முடியாத முகம், புறங்கை போன்ற இடங்களுக்கு, தோல் முழுதாக மூடிய பிறகு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. நம் நிறத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்க வைக்கும், சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்கிரீன் தடுக்கும். லேபிளில் பார்த்து வாங்குங்கள்.

கறுப்பைப் போக்க எலுமிச்சம்பழத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்துவிட்டு வெயிலில் போனால் கொப்புளித்து இன்னும் கருக்கும் வாய்ப்பு உண்டு. மருந்துக்கடையில் "தழும்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்குகிற களிம்பில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள், ஏற்கெனவே மெல்லிசாக இருக்கிற தோலை இன்னும் மெல்லிசாக்கும். வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தித் தடவுகிறவர்களுக்கு: மியாமி பல்கலைக்கழகத்தில் 15 பேரிடம் செய்து 1999-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் பெரும்பாலானவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை, மூன்றில் ஒருவருக்கு அலர்ஜிதான் வந்தது.

முழங்கால் கோடு

பன்னிரண்டாம் நாள், பொருக்கு விழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, ஒரு கல்யாணத்தில் தரையில் பந்தி. எல்லோரும் உட்கார்ந்தார்களே என்று நானும் சம்மணம் போட்டேன். பாயசம் வருவதற்குள் நடுவில் சுரீர் என்று வெடித்தது, வேட்டியில் ரத்தம். அந்த வெடிப்பு ஆறிய இடம்தான் இன்றைக்கு இருக்கிற கோடு.

தையல் போடும் அளவுக்கு ஆழமான வெட்டுக்காயத்தில்கூட, மூன்று வாரத்தில் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கும், மூன்று மாதத்தில் சுமார் 80 சதவீதம், அதற்கு மேல் ஏறுவதே இல்லை. சிராய்ப்பு அவ்வளவு ஆழமில்லை என்றாலும் புது மேல்தோல் அடித்தோலோடு இறுகப் பிடிக்கச் சில வாரம் ஆகும். அதனால் முட்டி, முழங்கை, விரல் கணு மாதிரி மடங்கும் இடங்களில் இரண்டு மூன்று வாரம் சம்மணம், மண்டியிட்டு வீடு துடைப்பது, இறுக்கமான ஜீன்ஸ், தரையில் விழுந்து கும்பிடுவது எல்லாவற்றையும் ஒத்திப்போடுங்கள். அதற்காக மடக்காமலே விறைப்பாக வைத்திருப்பதும் தப்பு, மூட்டு பிடித்துக்கொள்ளும். ஜெல்லி தடவிவிட்டு, இழுப்பது தெரிகிற இடம்வரை மெதுவாக மடக்கி நீட்டுங்கள்.

சாப்பாட்டில் கத்தரிக்காய், கருவாடு, முட்டை கூடாது என்று பத்தியம் சொல்வார்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் என்றால் விடுங்கள், இல்லாவிட்டால் முட்டையும் மீனும் பருப்பும்தான் தோல் கட்டத் தேவையான புரதம், நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஆறுவது தாமதமாகும்.

மேடாக எழுகிற தழும்பு தனிக்கதை. காயத்தின் எல்லைக்குள்ளேயே மேடாக இருந்தால் சிலிகான் ஜெல்லோ சிலிகான் தகடோ உதவும். மூடிய தோலில் மட்டும், தகடு என்றால் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம். விலை கொஞ்சம் கடிக்கும், சாதாரணச் சிராய்ப்புக்குத் தேவையே இல்லை. எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கெலாய்டு. நெஞ்சு, தோள், தாடை, காது மடலில் அதிகம் வரும், நம் நிறத்துக்கும் அதிகம், மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். சிறியதாக இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் காட்டினால் ஊசியிலேயே அடக்க வாய்ப்பு உண்டு.

சீழ், நாற்றம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற வலி, இதில் எதுவும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். "சிவந்திருக்கிறதா பார்" என்று சொல்வார்கள், கருத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, வீங்கி இருந்தால் அதுவே போதுமான அடையாளம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் காயம் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதல் நாளே மருத்துவரிடம் போங்கள்.

இதையெல்லாம் எப்போது நிறுத்தலாம்? ஜெல்லியை, வறட்சியும் உரிதலும் நின்றதும் விடலாம், பொதுவாக ஒன்றிரண்டு மாதம். வெயில் மறைப்பை மட்டும், அந்த இடம் பக்கத்துத் தோலின் நிறத்துக்கு வரும்வரை தொடருங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, ஆகவே மாதம் ஒரு முறை அதே ஜன்னல் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நான் கைக்கு இப்போதுதான் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன், ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.