ஆர்எஸ்-485 டிரைவர்: லைனை எப்போது விடுவது?

ஆர்எஸ்-485 என்பது பல கருவிகளை ஒரே லைனில் இணைக்கும் சீரியல் தொடர்பு முறை. அதன் ஹாஃப் டூப்ளெக்ஸில் ஒரே ஜோடி வயர்தான். பேசுவதும் அதில், கேட்பதும் அதில். ஒருவர் பேசினால் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். பைட்டுகளைப் பிட் பிட்டாக அனுப்பி வாங்கும் சாதாரண யுஆர்ட் சிப்புக்கு இந்த முறைவைப்பெல்லாம் தெரியாது. லைனைப் பிடிப்பதும் விடுவதும் அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் தலையில்தான் விழும். லினக்ஸை வைத்துப் பார்ப்போம்.

படி 1: முதலில் வயரிங். யுஆர்ட்டை லைனோடு இணைக்கும் மேக்ஸ்485 சிப்பில் டிஇ (அனுப்ப அனுமதி) பின் ஹை ஆனால் லைன் நம் கையில். ஆர்இ (கேட்க அனுமதி) பின் லோ ஆனால் கேட்கும். பல போர்டுகளில் இரண்டையும் சேர்த்து யுஆர்ட்டின் ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டுப் பின்னில் கட்டியிருப்பார்கள். 16550 வகை யுஆர்ட் சிப்பில் ஆர்டிஎஸ் பிட்டை 1 ஆக்கினால் பின்னில் லோதான் வரும். ஆகவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். தலைகீழாகிவிட்டால், நாம் பேசாத நேரமெல்லாம் நம் போர்டே லைனைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை மறித்துவிடும்.

படி 2: டிரைவரின் போர்ட் ஸ்ட்ரக்சரில் ஆர்எஸ்-485 கான்ஃபிக் கால்பேக்கை நிரப்புங்கள். அனுப்பும்போது ஆர்டிஎஸ் எந்த நிலையில், முன்னும் பின்னும் எத்தனை மில்லிசெகண்ட் தாமதம் என்று அப்ளிகேஷன் சொல்வது இங்கேதான் வந்து சேரும். போர்டின் வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலும் இதைக் குறிக்கலாம்.

படி 3: அனுப்பத் தொடங்கும் ஃபங்ஷனில் டிஇயை ஏற்றி, தாமதம் கேட்டிருந்தால் டைமர் போட்டு, பிறகு பைட்டுகளைத் தள்ளுங்கள். இதில் சிக்கல் குறைவு.

படி 4: நிறுத்துவது. எல்லாரும் விழும் குழி இதுதான், நானும் விழுந்தேன். ஒரு மின் மீட்டருக்கு மோட்பஸ் (கருவிகள் கேள்வி-பதிலாகப் பேசும் நெறிமுறை) கேள்வி அனுப்பினால் பதிலே வராது. இரண்டு நாள் வயரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் கோடில். 'அனுப்பும் ரிஜிஸ்டர் காலி' என்ற இன்டரப்ட் வந்ததும் டிஇயை இறக்கியிருந்தேன். அது காலிதான், ஆனால் கடைசி பைட் அப்போதுதான் பிட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் ஷிஃப்ட் ரிஜிஸ்டருக்குப் போயிருக்கும். 9600 வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது சுமார் 1.04 மில்லிசெகண்ட். மோட்பஸின் ஆர்டியூ வடிவத்தில் கடைசி பைட், பிழை பார்க்கும் எண்ணான சிஆர்சியின் பாதி. அது அறுந்தால் மீட்டர் கேள்வியையே கண்டுகொள்ளாது.

லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் 0எக்ஸ்20 பிட் (அனுப்பும் ரிஜிஸ்டர் காலி) போதாது, 0எக்ஸ்40 பிட்டும் (ஷிஃப்ட் ரிஜிஸ்டரும் காலி) வர வேண்டும். பின்னதற்கு 16550இல் தனி இன்டரப்ட் கிடையாது. எனவே ஒரு பைட் நேரத்துக்கு டைமர் வைத்து, பிட்டைப் பார்த்து, அப்புறம் டிஇயை இறக்குங்கள்.

அதற்காக ரொம்பவும் தாமதிக்கக் கூடாது. மோட்பஸ்ஸில் எதிராளி 3.5 பைட் நேரம், இங்கே சுமார் 3.6 மில்லிசெகண்ட், கழித்துப் பேசத் தொடங்கலாம். அப்ளிகேஷனிலிருந்தே ஆர்டிஎஸ்ஸை ஆட்டினால் ஷெட்யூலர் தயவில் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது.

படி 5: ஆர்இ தனியாகத் தரையில் கட்டப்பட்டிருந்தால் நாம் அனுப்பியதே திரும்பி வரும். அனுப்பும்போது ரிசீவரை மூடுங்கள். முடிந்ததும் ஃபைஃபோவில் (யுஆர்ட்டின் பைட் வரிசையில்) தேங்கிய குப்பையைக் கொட்டிவிட்டுத் திறங்கள்.

சரி, சோதனை. லாஜிக் அனலைசரின் ஒரு சேனலை டிஇயிலும் இன்னொன்றை டிஎக்ஸிலும் (யுஆர்ட்டின் அனுப்பும் பின்) மாட்டுங்கள். கடைசி ஸ்டாப் பிட் முழுதாக முடிந்த பிறகே டிஇ இறங்க வேண்டும். சிஸ்டத்துக்கு நல்ல லோடு கொடுத்து மறுபடி பாருங்கள்.